லாஸ்பேட்டை வீட்டு மீன்குளம்: மழையிலும் பனியிலும் தீவனம் போட்ட கதை

இந்த ஆய்வில் வருவது என் அக்கா வீட்டுத் தோட்டத்துக் குளம். குளம் என்று பேர்தான், உண்மையில் சிமெண்ட் பூசிய தொட்டி. புதுச்சேரி லாஸ்பேட்டையில், வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், ஆக மொத்தம் 4,500 லிட்டர். சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த கோய் கெண்டை 14, கோல்ட் ஃபிஷ் 6, தானாகப் பெருகிய கப்பி மீன்கள் எண்ணிக்கை இல்லாமல். ஒரு தொட்டி அல்லிச் செடி, ஒரு சின்ன மோட்டார், அது தண்ணீரை ஸ்பாஞ்ச் பில்டர் வழியாக இழுத்து மேலிருந்து ஊற்றும். தண்ணீர் எப்போதும் லேசான பச்சை.

கோடை முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. 2024 நவம்பர் கடைசிக்கும் 2025 ஜனவரி நடுவுக்கும் இடையில் ஐந்து பெரிய மீன்கள் செத்தன. மூன்று ஒரே காலையில், ஒன்று கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், ஒன்று பொங்கலை ஒட்டி. மாமா, அதாவது அக்காவின் கணவர், இதற்கெல்லாம் ஒரே காரணம் சொன்னார்: "குளிர் தம்பி. மீனுக்கு ஆகல." பார்த்தால் குளிருக்கு இதில் பங்கு மிகக் குறைவு. மூன்று தடவையும் காரணம் வேறு வேறு, ஆனால் மூன்றிலும் தீவனம் கலந்திருக்கிறது. முதல் இரண்டு தடவை போடக்கூடாத நேரத்தில் போட்டார்கள், மூன்றாவது தடவை போட வேண்டிய நேரத்தில் போடவில்லை.

முதலில் இந்த ஊர்க் குளிர் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னாலும், புதுச்சேரி, கடலூர் கரையில் மார்கழி விடிகாலையில்கூடக் காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கடல் பக்கத்தில் இருப்பதால் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. தண்ணீர் காற்றைவிட மெதுவாகக் குளிரும். அக்கா வீட்டுத் தொட்டியில் ஜனவரி காலையில் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது 23 காட்டியது. கோய்க்கு இது சுகமான தண்ணீர். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு நம் சித்திரை வெயிலைவிட இதுவே பொருத்தம். ஆகவே குளிரில் விறைத்துச் செத்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிசம்பர் 2 காலை

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று ஊற்றியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. லாஸ்பேட்டை மேட்டுப் பகுதி என்பதால் அக்கா வீட்டுத் தெருவில் வெள்ளம் நிற்கவில்லை, தொட்டிக்குள் சாக்கடை நீரும் வரவில்லை. ஆனால் வானத்திலிருந்து நேராக விழுந்த மழை மட்டுமே எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். தொட்டியின் பரப்பு 6 சதுர மீட்டர், மழை அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட 2,900 லிட்டர் மழைநீர் 4,500 லிட்டர் தொட்டியில் விழுந்து, பழையதும் புதியதும் கலந்து அதே அளவு தண்ணீர் வழிந்து வெளியே போயிருக்கிறது. விடிந்தபோது தொட்டியில் இருந்ததில் பாதிக்குப் பக்கம் புது மழைநீர்.

இங்கேதான் மாமாவின் கணக்கு இடித்தது. புயல் இரவில் ஒரு மீனும் சாகவில்லை. மறுநாள் டிசம்பர் 1 பகலிலும் சாகவில்லை. மழை ஓய்ந்து, அதற்கடுத்த இரவு கழிந்து, 2ஆம் தேதி விடியும்போதுதான் மூன்று கோய் மிதந்தன. புயல்தான் கொன்றது என்றால் ஏன் ஒருநாள் தள்ளிக் கொல்ல வேண்டும்?

செத்த மூன்றும் தொட்டியிலேயே பெரியவை. வாய் திறந்தபடி, செவுள் மூடி விரிந்தபடி இருந்தன. உடம்பில் புண் இல்லை, சிவப்பு இல்லை, செதில் உதிரவில்லை. கப்பி ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் விளிம்பில் நீர்ப்பரப்பை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விஷமோ அமோனியாவோ என்றால் சின்ன மீனை விட்டுவைத்திருக்காது. பெரியது சாகிறது, சின்னது பிழைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன் பற்றாக்குறை. கப்பிக்கு வாய் மேல்நோக்கி இருக்கிறது. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலத்தில் எப்போதும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதை அது உறிஞ்சித் தாக்குப்பிடித்துவிடும். பெரிய கோய்க்கு அந்தப் படலம் போதாது.

ஏன் ஒருநாள் தள்ளி? கொட்டுகிற மழை தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். மழை பெய்கிறவரை அதுவே ஏரேட்டர். நின்றதும் அந்த வேலை நின்றுவிட்டது. அந்தத் தெருவில் கரண்ட் 2ஆம் தேதி மதியம்தான் வந்தது, அதுவரை மோட்டாரும் இல்லை. வானம் மூடியே இருந்ததால் பகலில் பாசி ஆக்சிஜன் விடவில்லை, இரவில் அதே பாசி ஆக்சிஜனைக் குடித்தது. குளிர்ந்த மழைநீர் கனமாகக் கீழே இறங்கி அடியில் கிடந்த கசட்டைக் கிளப்பிவிட்டது. புயல் காற்றில் விழுந்த வேப்பிலை ஒரு கூடை அளவுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது, அது அழுகவும் ஆக்சிஜன் வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்துமே மீன்கள் தப்பியிருக்கலாம். டிசம்பர் 1 மாலை நடந்ததுதான் கடைசி அடி. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "பாவம், நேத்து முழுக்க ஒண்ணும் போடல, எப்படிப் பசிக்குது பாரு." நேற்றைய பங்கையும் சேர்த்து இரண்டு மடங்கு போட்டார்கள்.

பசித்த கோய் வருவதற்கும் மூச்சுத் திணறும் கோய் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். பசித்தது ஆளைப் பார்த்ததும் ஓடி வரும், கை போகிற பக்கம் திரும்பும், ஒன்றை ஒன்று இடிக்கும், கிடைத்ததும் கீழே போய்விடும். திணறுவது ஆளைக் கவனிக்காது. உடம்பைச் சாய்த்து மூக்கை மட்டும் மேலே வைத்து ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் விழும் குழாய்ப் பக்கமாகக் கூட்டமாக ஒதுங்கும், வாய் சீராகத் திறந்து மூடும், நிழல் பட்டால்கூடச் சட்டென்று கீழே போகாது. விடிகாலையில் இப்படி நின்றால் சந்தேகமே வேண்டாம். தீவனத்தைப் போட்டால் சில தின்னும், அதுதான் ஏமாற்றுகிறது. தின்ற மீனுக்குச் செரிமானத்துக்காக அடுத்த சில மணி நேரம் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்படும். மாலை ஆறுக்குத் தின்றால் அந்தத் தேவை இரவில் உச்சத்துக்குப் போகும், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிற அதே நேரத்தில்.

கரண்ட் இல்லாத அந்த மாலையில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது, காசும் ஆகாது. வாளியில் மொண்டு இடுப்பளவு உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றுவது. வீட்டில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி அரை மணிக்கு ஒரு தடவை செய்தால் சின்னத் தொட்டியைக் காப்பாற்றிவிடலாம்.

எவ்வளவு போட்டார்கள்

இதை யாரும் அளந்ததில்லை. அக்கா காலை ஒரு கை, மாலை ஒரு கை போடுவாள், பையன் பள்ளி விட்டு வந்து இன்னொரு கை. மூன்று கை அளவையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 80 கிராம் வந்தது.

மீன்களின் எடை? பிடித்து நிறுக்க வேண்டாம், நீளத்தை வைத்து ஒரு மதிப்புக்கு வரலாம். 15 செ.மீ. கோய் 50 கிராம் சுமார், 20 செ.மீ. இருந்தால் 120 கிராம் சுமார். எல்லாம் கூட்டினால் தொட்டியில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். 80 கிராம் என்பது உடல் எடையில் 5 சதவீதம். குஞ்சுகளுக்குச் சரி, இந்த அளவு மீனுக்குக் கோடையிலேயே 2 சதவீதம் போதும், அதாவது 30 கிராம் சொச்சம். வெயில் காலத்தில் மீதியைப் பாசியும் பில்டரில் இருக்கும் பாக்டீரியாவும் சமாளித்துக்கொண்டன. அதனால் கோடையில் தப்பு வெளியே தெரியவில்லை.

ஒரு கிலோ தீவனம் போட்டால் அதிலிருந்து சுமார் 30 கிராம் நைட்ரஜன் அமோனியாவாகத் தண்ணீருக்கு வரும், பெரும்பகுதி மீனின் செவுள் வழியாகவே. 80 கிராமுக்கு 2.4 கிராம். 4,500 லிட்டரில் பரப்பினால் ஒரு நாளைக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம். பாக்டீரியா ஒழுங்காக வேலை செய்தால் இது மாலைக்குள் கரைந்துவிடும். பில்டர் ஒன்றரை நாள் கரண்ட் இல்லாமல் நின்றால் அந்த பாக்டீரியாவும் காற்றில்லாமல் சாகும். மோட்டார் திரும்ப ஓடினாலும் பில்டர் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கரண்ட் வந்தாச்சு, எல்லாம் சரியாச்சு என்று தீவனத்தையும் பழைய அளவுக்கே கொண்டுபோய்விடுகிறார்கள்.

பொரி உருண்டை

அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. முந்தின நாள் மறுபடி கனமழை, தீபத்தன்றும் வானம் தெளியவில்லை. சாமிக்குப் படைத்த பொரி உருண்டையில் மழையில் நனைந்து நமுத்துப் போனவற்றை அத்தை, அதாவது அக்காவின் மாமியார், தொட்டியில் போட்டிருக்கிறார். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த தலைமுறை, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. கடலூர் பாடலீஸ்வரர் கோயில் குளம் மாதிரி பெரிய நீர்நிலைக்கு ஒரு பொட்டலம் பொரி ஒன்றும் செய்யாது. இந்தத் தொட்டி அப்படியல்ல.

25 டிகிரியில் ஆக்சிஜன் முழுக்க நிறைந்த தண்ணீரில்கூட லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் இருக்கும். தொட்டி முழுவதற்கும் 36 கிராம். 100 கிராம் வெல்லம் கரைந்து பாக்டீரியாவால் முழுக்கச் சிதைய ஏறக்குறைய 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரே இரவில் அவ்வளவும் நடக்காது, மேலிருந்தும் கொஞ்சம் காற்று கலந்துகொண்டிருக்கும், சரி. ஆனாலும் எந்தப் பக்கம் எடை சாய்கிறது என்று தெரிகிறது அல்லவா? மறுநாள் காலை தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்துக் கிடந்தது, பாக்டீரியா பெருகியதன் அடையாளம். பில்டர் ஸ்பாஞ்ச் வேப்பிலைக் காம்பால் அடைத்து, மோட்டார் ஓடினாலும் நூல் மாதிரிதான் தண்ணீர் விழுந்தது. ஒரு கோய் செத்திருந்தது. மற்றவை வாய் பிளந்துகொண்டிருந்தன, பையன் பள்ளிக்குப் போகுமுன் தன் பங்குக்கு ஒரு கை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

நான் டெஸ்ட் கிட்டோடு போனது அன்றுதான். அமோனியா நிறம் லிட்டருக்கு 1க்கும் 2 மில்லிகிராமுக்கும் நடுவில் நின்றது, பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரக் குறியீடு, 7. மாமா நிறத்தைப் பார்த்து இதுதான் கொன்றது என்றார். இல்லை. பி.எச். 7 இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. மேகம் விலகி இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் பச்சைத் தண்ணீரில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி மத்தியானத்துக்குள் பி.எச்.சை எட்டரை, ஒன்பது என்று ஏற்றிவிடும். மழைநீர் கலந்து காரத்தன்மை குறைந்த தண்ணீரில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். பி.எச். 9இல் அதே அமோனியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விஷமாக மாறும். மழை விட்டுப்போச்சு, இனி பயமில்லை என்று நினைக்கிற அந்த வெயில் நாளில்தான் மீன் சாகும்.

அதனால் வெயிலுக்கு முன் முந்திக்கொண்டோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து டியூப் போட்டுக் கசடோடு இழுத்து வெளியேற்றி, குளோரின் போக மாடித் தொட்டியில் ஒருநாள் திறந்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டோம். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தோம். குழாயடியில் சோப்புப் போட்டு அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை நன்றாகக் கழுவி ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டோம். பி.எச். கீழே சரிந்தால் அது மெல்லக் கரைந்து தாங்கிப்பிடிக்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கினார்கள். அதன் பிறகு ஆக்சிஜன் குறைவால் ஒரு மீனும் போகவில்லை.

பட்டினி

இதற்குப் பிறகு மாமா எதிர்ப்பக்கம் சாய்ந்தார். நாலு மீன் போன பயம் அவருக்கு. குளிர்காலத்தில் கோய்க்குத் தீவனமே கூடாது என்று எங்கோ கேட்டுவிட்டு, மார்கழி பிறந்ததும் டப்பாவை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டார்.

அந்த விதி பொய்யல்ல, வேறு ஊருக்கானது. வண்ணக் கோயை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது ஜப்பானின் நீகாத்தா மலைக்கிராமங்களில், ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும் இடம். அங்கேயும் ஐரோப்பாவிலும் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது கெண்டையின் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும்தான். தின்றது அங்கே செரிக்காமல் தங்கினால் கெட்டுவிடும். அந்தக் குளிரில் மீனின் உடம்பும் செலவைக் குறைத்துக்கொண்டு அடியில் அசையாமல் கிடக்கும், மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கலாம். நம் தொட்டியில் 23 டிகிரி. மீன் முழு வேகத்தில் நீந்துகிறது, செலவு அப்படியே ஓடுகிறது, வரவு மட்டும் இல்லை. ஒரு வாரம் என்றால் எந்தக் கெடுதலும் வராது, இந்த அளவு மீன் தாங்கும். இது மூன்று வாரத்துக்கு மேல் போனது.

ஜனவரி முதல் வாரத்தில் அக்கா போனில் கூப்பிட்டு, "மீன் மேலெல்லாம் ரவை ஒட்டின மாதிரி இருக்கு" என்றாள். வெண்புள்ளி நோய், ஒரு ஒட்டுண்ணியால் வருவது. மேலிருந்து பார்த்தபோது கோய்களின் தலை பெரிதாகவும் முதுகு ஒடுங்கியும் தெரிந்தன, பட்டினியின் அடையாளம். கோல்ட் ஃபிஷ் இரண்டு தொட்டிச் சுவரில் உரசிக்கொண்டிருந்தன. இந்த ஒட்டுண்ணி பல தொட்டிகளில் கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும். தெம்பான மீனை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. இரவு பகல் வெப்பம் ஏறி இறங்கும் பனிக்காலமும் மெலிந்த உடம்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டன.

மருந்து கல் உப்புதான். லிட்டருக்கு 3 கிராம் என்று கணக்கிட்டால் பதின்மூன்றரைக் கிலோ. மூன்றாகப் பிரித்து, நாளைக்கு நாலரைக் கிலோ வீதம் வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினோம். அல்லித் தொட்டியை முதலிலேயே தூக்கி வெளியே வைத்தாயிற்று, உப்பு அதற்கு ஆகாது. புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை உப்பு தொடாது. அது மீனை விட்டு விழுந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்துவிட்டது என்று உடனே தண்ணீரை மாற்றாமல், இரண்டு வாரம் உப்பை அப்படியே விட்டோம். ஒரு கோல்ட் ஃபிஷ் பொங்கலுக்குள் செத்தது, மற்றவை தேறின.

தீவனம் மறுபடி ஆரம்பித்தது இந்த உப்புத் தண்ணீரிலேயே. முதல் சில நாள் காலை பத்துக்கு மேல் 5 கிராம், அப்புறம் 10, அப்புறம் 15. பட்டினி கிடந்த மீனுக்கு முதல் நாளே வயிறு முட்டப் போட்டால் பில்டர்தான் முதலில் திணறும்.

இப்போது போடும் முறை

அலமாரிக் கதவில் அட்டவணை எதுவும் ஒட்டவில்லை. ஒட்டினால் அதைப் பார்த்துப் போடுவார்கள், தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். காலையில் காபிக்கு முன் யாராவது ஒருவர் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும். மீன் மேலே நின்று வாய் பிளந்தால் அன்று தீவனம் இல்லை, ஏர் பம்ப் போட வேண்டும். கீழே சுற்றிக்கொண்டிருந்து, வானமும் வெளிச்சமாக இருந்தால் பத்து மணிக்கு மேல் ஒரு தடவை, மூன்று மணிக்குள் இன்னொரு தடவை, இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 கிராம். இரைப்பை இல்லாத மீன் என்பதால் பிரித்துப் போடுவது நல்லது. மூடாக்கும் தூறலுமாக இருந்தால் அதில் பாதி, ஒரே தடவை. அடைமழை என்றாலோ கரண்ட் போனாலோ ஒன்றும் வேண்டாம். மாலை நாலுக்குப் பிறகு எந்தக் காலத்திலும் இல்லை. ஐந்து நிமிடத்தில் தின்னாமல் மிதப்பதைச் சல்லடையால் எடுத்துவிட வேண்டும், மிதக்கும் பெல்லட் வாங்கச் சொன்னதே அதற்காகத்தான்.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து போடலாமா என்று அத்தை கேட்டார். பண்ணைக் குளங்களில் கட்லா, ரோகுவுக்குக் காலகாலமாகப் போடுவதுதான், மோசமில்லை. ஆனால் பாதி தண்ணீரில் கரையும், சிமெண்ட் தொட்டிக்கு அது தாங்காது. இன்னொன்று, மழைக்கால ஈரத்தில் கடலைப் புண்ணாக்கு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். கப்பிகளுக்குத் தனியாக எதுவும் போட வேண்டாம். கொசுப்புழுவே அவற்றுக்குப் போதும், டெங்கு காலத்தில் நமக்கும் நல்லது.

அத்தையின் பொரிக்கும் வழி செய்தாயிற்று. வெல்லம் சேராத வெறும் பொரி, வெயில் நாளில், அவர் கையால் ஒரு சிட்டிகை. பையனுக்கு அளக்கிற வேலை. 5 கிராம் பிடிக்கும் ஒரு பழைய மருந்து மூடி இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது, கையால் அள்ளுவது யாருக்கும் கிடையாது.

ஐப்பசியில் வாங்கிய பெரிய தீவனப் பை பாதிக்கு மேல் மிச்சம். வாய் மடித்து கிளிப் போட்டிருந்தார்களே தவிர, திறந்தபோது நமுத்த வாடை அடித்தது. மாமாவுக்கு மனசு வரவில்லை, வெயிலில் காயவைத்துப் பார்க்கலாமா என்றார். காய்ந்தாலும் பூஞ்சை நஞ்சு போகாது, வைட்டமின் சியும் இருக்காது. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அரைக் கிலோ பொட்டலமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தார்கள். மாசி பாதியில் தண்ணீர் 26ஐத் தொட்டு, அமோனியா டெஸ்ட் தொடர்ந்து மஞ்சளாகவே, அதாவது அமோனியா இல்லை என்றே, நின்ற பிறகு, மூடிக் கணக்கு நாளைக்கு ஐந்தாக ஏறியது.